பேராதனையைக் காணச் செல்வோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும் பல்கலைக்கழக அனுமதியும் வீடுதோறும் பேசப்படும் இவ்வேளையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தை நேரிற் சென்று பார்ப்பது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். பெற்றோர், ஆசிரியர், சுற்றுலாப் பயணி எனப் பல திசைகளிலிருந்து வந்த அக்கடிதங்களிற் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் பேராதனைக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போகும் முதற்பிள்ளை அவள்தான். கொண்டுபோய் விடுவதற்கு முன்னர் ஒருநாள் எல்லோருமாகப் போய்ப் பார்த்துவர நினைக்கிறோம். எப்படிப் போவது, எங்கிருந்து தொடங்குவது? — ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, உங்கள் மகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். முதலில் ஒன்றை வலியுறுத்திச் சொல்லிவிடுகிறேன்: ஞாயிற்றுக்கிழமையிலோ விடுமுறை நாளிலோ போகாதீர்கள். ஆளில்லாத கட்டடங்களைப் பார்த்துவிட்டு வருவதால் உங்கள் மகளுக்கு எந்தப் பயனும் இல்லை. விரிவுரைகள் நடக்கும் ஒரு வேலை நாளில், காலை ஒன்பது மணியளவில் அங்கே நிற்கும்படி புறப்படுங்கள்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பேருந்து பேராதனையைக் கடந்துதான் போகும். ஆகையால் நீங்கள் கண்டி நகரம் வரை போகவேண்டியதில்லை. புகையிரதத்தில் வருவதானால் பேராதனைச் சந்தி நிலையத்தில் இறங்கலாம். வளாகத்தை ஒட்டியே சரசவி உயன என்றொரு சிறிய நிலையமும் இருக்கிறது. ஆனால் எல்லாப் புகையிரதங்களும் அங்கே நிற்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ளுங்கள். கலஹாவுக்குச் செல்லும் பேருந்துகள் வளாகத்தின் நடுவாகவே ஓடுகின்றன.

இருந்தாலும், உடல்நலம் இடங்கொடுக்குமானால், கலஹாச் சந்தியில் இறங்கி அந்த வீதி வழியே நடந்தே உள்ளே செல்லும்படி உங்களைக் கேட்டுக்கொள்வேன். ஒருபுறம் மகாவலி கங்கையின் தாழ்நிலம், மறுபுறம் ஹந்தானை மலைத்தொடர், இரண்டுக்கும் இடையே பெருமரங்கள் நிழல் பரப்பும் வீதி என்ற அந்த அமைப்பை வாகனத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்து உணர முடியாது. அடுத்த சில ஆண்டுகளுக்கு உங்கள் மகள் நாள்தோறும் நடக்கப்போகும் தொலைவுகள் எவ்வளவு, மேடு எங்கே, இறக்கம் எங்கே என்பதையும் கால்கள்தாம் சரியாகச் சொல்லும்.

செனற் மண்டபத்தைப் பார்த்த பின் கலைப்பீடத்துக்கும் நூலகத்துக்கும் செல்லுங்கள். பீட அலுவலகத்தில் கேட்கவேண்டியவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். மகள் படிக்க விரும்பும் பாடங்கள் எந்த மொழியில் கற்பிக்கப்படுகின்றன என்பது அவற்றுள் முதன்மையானது. கலைப்பீடத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கற்பித்தல் நடைபெறுகிறது, ஆயினும் எல்லாப் பாடங்களும் எல்லா மொழிகளிலும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. விடுதி இடம் எந்தெந்த ஆண்டுகளில் கிடைக்கும், கிடைக்காத ஆண்டில் மாணவிகள் எங்கே தங்குகிறார்கள், ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களுக்கு என்ன வகுப்புகள் உண்டு, மகாபொல போன்ற உதவித்தொகைகளுக்கு எப்போது விண்ணப்பிக்கவேண்டும் என்பவற்றையும் கேளுங்கள். இக்கேள்விகளை நீங்களோ உங்கள் கணவரோ கேட்காமல் மகளையே கேட்கவிடுங்கள். அலுவலகத்துக்குள் தனியே சென்று பேசிப் பதில் பெற்றுவரும் துணிவு அவளுக்கு அந்த ஒரு நாளில் கிடைத்துவிட்டாலே உங்கள் பயணம் பயனுள்ளதாகிவிடும்.

கேள்வி: தலைநகரை விட்டு இவ்வளவு தூரத்தில், மலைநாட்டில் ஏன் பல்கலைக்கழகத்தை அமைத்தார்கள்? அதன் உருவாக்கத்தில் தமிழர் பங்கு ஏதும் உண்டா? — ஓர் ஆசிரியர், வவுனியா

பதில்: உண்டு. வளாகத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அறியாமலே திரும்பிவிடும் வரலாறு இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1906ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் மூலம் வலுப்பெற்றது. அச்சங்கத்தை முன்னின்று நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவ்வுழைப்பின் தொடர்ச்சியாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அது தானே பட்டம் வழங்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. அருணாசலம் 1924இல், யாத்திரை சென்றிருந்தபோது மதுரையில் காலமானார். தாம் கேட்ட முழுமையான பல்கலைக்கழகத்தைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதன்பின், பல்கலைக்கழகம் கொழும்பில் அமையவேண்டுமா, கண்டிப் பகுதியில் அமையவேண்டுமா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மாணவரும் ஆசிரியரும் ஒரே இடத்தில் தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக்கழகமே வேண்டும், அதற்கு நகர நெருக்கடிக்கு அப்பாற்பட்ட விரிந்த நிலம் தேவை என்பது கண்டிப் பக்கம் நின்றவர்களின் நிலைப்பாடு. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தனவும், மலாய் சமூகத்தைச் சேர்ந்த நீதிபதி எம். டி. அக்பரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். 1942 ஜூலையில், பல்கலைக்கழகக் கல்லூரியையும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் இணைத்து இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் உருவானது. அரசியலமைப்புச் சட்ட அறிஞரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். பேராதனை வளாகத்தைக் கட்டியெழுப்பும் பணியில் அவர் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொண்டார்.

வளாகத்தின் பெருந்திட்டத்தை வகுத்தவர்கள் நகரத் திட்டமிடல் அறிஞர்களான பற்றிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் ஆவர். கட்டடங்களுக்கு உருவம் கொடுத்தவர் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். கண்டிய மரபின் சாய்ந்த ஓட்டுக் கூரைகளையும் செதுக்குத் தூண்களையும் அவர் புதுக்காலக் கட்டடங்களோடு பொருத்தியிருக்கும் நேர்த்தியைச் செனற் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 1949இல் முதல் மாணவர்கள் வந்து சேர்ந்தனர். 1952இல் பெருமளவிலான இடமாற்றம் நிகழ்ந்தது. 1954 ஏப்ரல் 20ஆம் நாள், எலிசபெத் அரசியாரின் இலங்கை வருகையின்போது, எடின்பரோ கோமகன் வளாகத்தை முறைப்படி திறந்துவைத்தார். 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே நிறுவனமாக்கப்பட்டபோது பேராதனை அதன் ஒரு வளாகமாயிற்று. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பேராதனைப் பல்கலைக்கழகம் என்ற இன்றைய பெயரோடு தனித்து இயங்கத் தொடங்கியது.

நீங்கள் மாணவருடன் சென்றால் விடுதிகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்காட்டுங்கள். அருணாசலம் விடுதி, அவருடைய தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயர் தாங்கிய விடுதி, ஜயதிலக விடுதி, அக்பர் விடுதி, விஜேவர்தன விடுதி, பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர் மார்ஸ் பெயரிலான விடுதி என அவை அடுத்தடுத்து வருகின்றன. இந்த நாட்டின் எல்லாச் சமூகங்களும் சேர்ந்து கேட்டுப்பெற்ற கல்விக்கூடம் இது என்பதற்கு அப்பெயர்களைவிட வெளிப்படையான சான்று வேறெதுவும் இல்லை. நம் பிள்ளைகள் அதை அறிந்துகொண்டு உள்ளே செல்லவேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்துடன் கண்டிக்கு வருகிறோம். தலதா மாளிகை, தாவரவியற் பூங்கா ஆகியவற்றைப் பார்க்கத் திட்டமிட்டுள்ளோம். ஒரு பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். — ஒரு வாசகர், வேலூர்

பதில்: பூங்காவின் வாயிலிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் வீதி சிறிது தூரத்திலேயே தொடங்குகிறது. பூங்காவுக்கு வரும் நீங்கள் அதே நாளின் பிற்பகுதியை வளாகத்துக்கு ஒதுக்கினால் கூடுதற் பயணச் சிரமம் எதுவும் இராது. வளாகத்தின் மொத்தப் பரப்பு சுமார் 700 ஹெக்டேர். அதில் கட்டடங்கள் எழுந்திருப்பது சிறு பகுதியிலேயே. எஞ்சியது மலைச்சரிவும் மரமும் ஆற்றங்கரையும்தான். மகாவலியின் மறுகரையிலுள்ள பொறியியற் பீடத்துக்கு இட்டுச்செல்லும் அக்பர் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் பிறகு அக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

பூங்காவை 1821இல் ஆங்கிலேயர் தாவரவியற் பூங்காவாக அமைத்தனர். 147 ஏக்கர் பரப்புடையது. மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோடுகிறது. பிற்காலத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவரும் அவர் துணைவியாரும் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தையும், பெரும்புல்வெளியில் கிளைபரப்பி நிற்கும் சாவகத்து அத்தி மரத்தையும், நெடிய பனைமர வரிசைகளையும் தவறவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இயங்கியதும் இந்தப் பூங்காவில்தான்.

கண்டி நகரத்தைப் பொறுத்தவரை, வேலூர்க்காரராகிய உங்களுக்கு அதனோடு ஓர் உறவு இருக்கிறது. நகரின் நடுவிலுள்ள வாவியை 1807இல் அமைத்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியை ஆண்ட நாயக்கர் வழி அரசர்களில் கடைசியானவர். 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி, அவரைச் சிறைப்படுத்தி உங்கள் ஊர்க் கோட்டைக்கு அனுப்பினர். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்துமண்டபம் அவருடைய நினைவிடம். புறப்படுமுன் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, பிறகு வாவிக்கரையில் அவர்களை நடக்கவிடுங்கள். தலதா மாளிகையின் முகப்பில் எண்கோண வடிவில் எழுந்துநிற்கும் பத்திரிப்புவ மண்டபமும் அவர் காலத்ததே. மாளிகையின் அயலில் நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் இருக்கின்றன; கதிர்காமத் தேவாலயம் சற்றுத் தள்ளி நகரத்துக்குள் உள்ளது. எசலப் பெரஹரா ஊர்வலத்தில் இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்தே வருகின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடைபெறும் அவ்விழா நாட்களில் தங்குமிடம் கிடைப்பது மிகக் கடினம், வீதிகளும் மூடப்படும். பல்கலைக்கழகத்தை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: எங்கள் வடமோடிக் கூத்து பேராதனையில்தான் நவீன மேடைக்கு வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தை இப்போது பார்க்க முடியுமா? — ஒரு கூத்துக் கலைஞர், மட்டக்களப்பு

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது சரியான செய்தியே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்த்துறையில் பணியாற்றிய 1960களில், மட்டக்களப்பு, மன்னார் போன்ற இடங்களின் கூத்து மரபை ஊர் ஊராகத் தேடிச்சென்று, அண்ணாவிமார் எனப்படும் கூத்து ஆசான்களின் துணையோடு பல்கலைக்கழக மாணவருக்குப் பயிற்றுவித்து மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்தின் ஆட்டமும் பாட்டும் குலையாமல் அதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியமைத்த அம்முயற்சியில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவை பெரிதும் பேசப்பட்டன. ‘இராவணேசனில்’ இராவணனாக ஆடிய மாணவர், உங்கள் மண்ணின் மைந்தரும் பின்னாளில் பேராசிரியருமான சி. மௌனகுரு.

நீங்கள் பார்க்கவேண்டிய இடம் சரச்சந்திர திறந்தவெளி அரங்கு. மலைச்சரிவின் இயற்கையான பள்ளத்தில் அமைந்திருப்பதால் மாணவர்கள் அதை ‘வள’ (சிங்களத்தில் பள்ளம்) என்றே அழைக்கிறார்கள். 1956இல் ‘மனமே’ நாடகத்தின் மூலம் சிங்கள நாடகத்துக்குப் புதுவழி காட்டிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. அவரும் நாட்டுக்கூத்து மரபிலிருந்தே தம் கலைவடிவத்தைக் கண்டெடுத்தவர். இரு மொழிகளின் நாட்டார் அரங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வளாகத்தில் மதிப்புப் பெற்றது தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை. ஒரே விரிவுரையாளர் குழாமில், ஒருவர் செய்வதை மற்றவர் கண்டு, கற்று, தம் மொழியில் முயன்று பார்க்கும் சூழல் அங்கே இருந்தது. இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. கணபதிப்பிள்ளை பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதியவர் என்பதையும், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்ற திறனாய்வாளர்கள் இங்கே மாணவராய் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணும்போதுதான் அந்தச் சூழலின் செழிப்பு முழுமையாக விளங்கும். பகலில் சென்றால் அரங்கு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். படிகளில் அமர்ந்து பாருங்கள். இயன்றால் நாடகம் நடக்கும் மாலையொன்றை விசாரித்துக்கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு மாணவர் 40 பேரை அழைத்துச்செல்ல எண்ணுகிறேன். ஆய்வுகூடங்களைப் பார்க்க அனுமதி கிடைக்குமா? — ஓர் ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: வளாகத்தினூடே பொதுவீதி செல்கிறது என்பதற்காக எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். ஆய்வுகூடம், நூலகம், விடுதி ஆகியவற்றுக்கு முன் அனுமதி அவசியம். உங்கள் அதிபரின் கையொப்பத்துடன், உரிய பீடாதிபதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே கடிதம் அனுப்புங்கள். மாணவர் தொகை, பார்க்க விரும்பும் துறை, வரும் நேரம் ஆகியவற்றை அதில் குறிப்பிடுங்கள்.

ஒன்பது பீடங்களையும் ஒரே நாளில் காட்ட முயலவேண்டாம். மருத்துவம், பல் மருத்துவம், விலங்கு மருத்துவம், விவசாயம், பொறியியல், விஞ்ஞானம், கலை, முகாமைத்துவம், இணைச் சுகாதார விஞ்ஞானம் என அவை பரந்து கிடக்கின்றன. உங்கள் மாணவருக்கு இரண்டைத் தெரிந்தெடுங்கள். பல் மருத்துவப் பீடம் நீண்டகாலம் நாட்டில் ஒன்றேயொன்றாக இருந்தது. பொறியியற் பீடமோ 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் இங்கே வந்தது. மண் பொறிமுறையில் உலக அறிஞரால் மதிக்கப்பட்டவரும், பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகக் கடினமான காலத்தில் பொறுப்பேற்றவருமான பேராசிரியர் அ. துரைராஜா அங்கே பீடாதிபதியாக இருந்தவர் என்பதை உங்கள் கணிதப் பிரிவு மாணவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக வருவதற்கு நீண்ட நேரமாகும். ஆகவே இரவில் கண்டியில் தங்கி, காலையில் வளாகத்துக்குச் செல்வதே பிள்ளைகளுக்கு உகந்தது. களைத்த கண்களோடு ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவர் எதையும் கேட்கமாட்டார்.

கேள்வி: நான் பழைய மாணவன், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஏற்ற இறக்கங்களில் நடக்க இயலாது. பேரப்பிள்ளைகளுக்கு வளாகத்தைக் காட்ட வழியுண்டா? — ஒரு முதியவர், வெள்ளவத்தை

பதில்: கண்டியிலோ பேராதனையிலோ முச்சக்கரவண்டியொன்றை அரைநாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள், கலஹா வீதி நெடுகச் சமதரையாகவே இருப்பதால் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். குறிஞ்சிக் குமரன் கோயில் மேட்டில் இருப்பதால் வண்டியை அதன் அருகே கொண்டுசெல்லச் சொல்லுங்கள். தமிழ் மாணவர் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் கோயில் அது. மாலைப் பூசை நேரத்தில் சென்றால் இன்றைய மாணவரோடு நீங்கள் மனம்விட்டுப் பேசவும் வாய்ப்புக் கிடைக்கும்.

கேள்வி: பகிடிவதை பற்றிக் கேள்விப்படும் செய்திகளால் மகனை அனுப்பவே அச்சமாக இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்ப்பதால் உண்மை நிலை தெரிந்துவிடுமா? — ஒரு தந்தை, பதுளை

பதில்: ஒருநாட் பார்வையில் அது தெரியாது, தெரிந்துவிடும் என்று உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. பகிடிவதை நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பல பத்தாண்டுகளாக வாட்டும் கொடுமை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தும் அது முற்றாக ஒழியவில்லை. ஆனால் அந்த அச்சத்தினால் ஒரு பிள்ளையின் உயர்கல்வியைத் தடுத்துவிடுவது பெரும் இழப்பாகும்.

போகும் நாளில் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மாணவர் ஆலோசகர் யார், அவருடைய அறை எங்கே என்று மகனோடு சென்று பார்த்துவிடுங்கள். விடுதிக் காப்பாளரைச் சந்தித்து, இரவில் முறையிட வேண்டியிருந்தால் யாரை அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தையும் மகன் அறிந்திருக்கட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேரடியாக முறையிடலாம். உங்கள் பகுதியிலிருந்து அங்கே படிக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் இருப்பின், நீங்கள் இல்லாத இடத்தில் மகன் அவர்களோடு தனியே பேசட்டும். பெற்றோர் முன்னிலையில் சொல்லாதவற்றை அவர்கள் அவனிடம் சொல்வார்கள். எது நடந்தாலும் வீட்டுக்குச் சொல்லலாம், திட்டு விழாது என்ற உறுதியை நீங்களும் அவனுக்கு வாய்விட்டுக் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது? ஹந்தானை மலையிலும் ஏற ஆசை. — ஒரு மாணவி, மாத்தளை

பதில்: ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலம் ஏற்றது. மழை குறைவு, அக்காலத்தின் பிற்பகுதியில் வீதியோர மரங்கள் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்பதையும் காணலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை கடுமையாக இருக்கும், மண்சரிவால் வீதியும் புகையிரதப் பாதையும் தடைப்படுவதும் உண்டு. அந்நாட்களில் வானிலை அறிவித்தலைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். ஹந்தானை 2010 முதல் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசம் என்பதால் நெருப்பு மூட்டுவதையும் குப்பை போடுவதையும் அறவே தவிருங்கள். தனியே ஏறவேண்டாம், பாதை அறிந்த ஒருவரோடு காலையிலேயே தொடங்குங்கள், பனிமூட்டம் இறங்கிவிட்டால் வழி தெரியாது. மழை பெய்த மறுநாள் அட்டைகள் மிகுதி; காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். மலையேற்றம் முடியாவிட்டால், அதே மலையில் 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கண்டியிலிருந்து முச்சக்கரவண்டியில் போய்வரலாம்.